கைக்கு அடங்கிய கத்தி

கோயமுத்தூருக்கு எதற்காகப் போகிறீர்கள் என்று விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார். அவர் மூட்டு வலிக்கு வைத்தியம் பார்க்கப் போகிறவர். கத்தி வாங்க என்றேன். அதன் பிறகு தரை இறங்கும் வரை அவர் ஜன்னல் வழியாக மேகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பினாங்கில் என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இப்படி ஒதுங்க மாட்டார்கள். கையால் செய்த கத்திகளைச் சேர்ப்பது என் பைத்தியம் என்பது உறவு முழுக்கத் தெரியும். ஜப்பானியக் கத்தி இருக்கிறது, பின்லாந்துக் கத்தி இருக்கிறது, அலை அலையாக வரியோடும் எஃகில் செய்த கத்திகள் இருக்கின்றன. எல்லாம் கண்ணாடி அலமாரிக்குள். அவற்றில் ஒன்றுகூட இதுவரை ஒரு ஆப்பிளை வெட்டியதில்லை. வெட்டினால் மதிப்புப் போய்விடும் என்பது கத்தி சேர்க்கிற எங்கள் கூட்டத்தின் கொள்கை.

என் மனைவி இந்திராணி பல வருடங்கள் மதியச் சாப்பாட்டுக் கடை நடத்தியவள். சந்தையில் வாங்கிய மொண்ணைக் கத்தி ஒன்றை வைத்துக்கொண்டு ஊருக்கே காய் நறுக்கியவள். என் அலமாரியைத் துணியால் துடைத்துவிட்டுப் போவாளே தவிர, அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

சென்ற வருடம் அவளுக்கு லேசாகப் பக்கவாதம் வந்தது. நடை திரும்பிவிட்டது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை டாக்டருக்கு முன்பே நான் தெரிந்துகொண்டேன். வலது கைக் கட்டைவிரல் மட்டும் மடங்காமல் நின்றுவிட்டது. கத்தியைப் பிடித்தால் நழுவியது. நறுக்கி உறை போட்டு விற்கிற காய்களை வாங்கச் சொல்ல ஆரம்பித்தாள். அதைத் தாளிக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

அப்போதுதான் கருமத்தம்பட்டியில் கோகிலா என்கிற பெண் கத்தி செய்வதை இணையத்தில் பார்த்தேன். கைக்கு அளவெடுத்துப் பிடி செய்து தருகிறாள். நிறையப் பேர் வரிசையில் காத்திருக்கிறார்கள். களிமண்ணை இந்திராணியின் கையில் கொடுத்து, கத்தி பிடிப்பது போல அழுத்தச் சொல்லி, அந்த அச்சைக் காயவைத்துத் தபாலில் அனுப்பினேன். இந்திராணி ஒரு நிபந்தனை போட்டாள். அது யார் கை என்று யாருக்கும் தெரியக்கூடாது. சொந்த அக்காவிடம்கூடக் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு பேசுகிறவள். அதனால் கோகிலாவுக்கு, என் சேகரிப்புக்கு வித்தியாசமான வடிவத்தில் ஒரு பிடி வேண்டும் என்று மட்டும் எழுதினேன். கத்தி தயார் என்று செய்தி வந்ததும் தபாலை நம்பாமல் நானே புறப்பட்டுவிட்டேன்.

முதல் நாள் உக்கடத்தில் அறை எடுத்தேன். குளக்கரையில் நடந்தவர்கள் எல்லோரும் கைபேசியில் கடன், நிலம், சர்க்கரை ஆகிய மூன்றைப் பற்றியே பேசிக்கொண்டு போனார்கள். எங்கள் ஊர்க் கடற்கரையிலும் அதேதான், நிலம் மட்டும் இருக்காது. பசியாற ஒரு பேக்கரிக்குள் நுழைந்தேன். இந்த ஊரில் பேக்கரி என்பது ரொட்டி விற்கிற இடம் என்று நினைத்து நுழைபவன் ஏமாந்துபோவான். அது டீக்கடை, செய்தி நிலையம், தொழில் பேசுகிற அலுவலகம், பையன் சரியாகப் படிக்கவில்லை என்று வருத்தப்படுகிற இடம். தேங்காய் பன் கொடுத்தார்கள். பன்னுக்குள் இவ்வளவு இனிப்பை வைத்துவிட்டுச் சர்க்கரையைப் பற்றிக் குளக்கரையில் ஏன் கவலைப்படுகிறார்கள் என்று தெரியவில்லை.

பக்கத்து மேசையில் பாலக்காட்டுப் பஸ்ஸுக்குக் காத்திருந்த இரண்டு பேர் மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அரைகுறையாகப் புரியும். இந்த ஊரில் எல்லாம் நன்றாக இருக்கிறது, ஒரு சண்டை மட்டும் ஒழுங்காகப் போட முடிவதில்லை, நாம் கோபமாக ஆரம்பித்தால் அவர்கள் 'சொல்லுங்க' என்கிறார்கள், அதற்கு மேல் எப்படித் திட்டுவது என்று ஒருவர் அலுத்துக்கொண்டார். மற்றவர் ஆமோதித்தார். நான் சிரித்தேன். சிரித்திருக்க வேண்டியதில்லை என்று பிறகு தெரிந்தது.

மறுநாள் சனிக்கிழமை. கருமத்தம்பட்டி என்று நான் கேட்டதும், ஏறுங்க என்று யாரோ சொன்னதும் உண்மை. ஆனால் நான் ஏறியது சூலூர் போகிற பஸ். நடத்துநர் டிக்கெட் கிழிக்கும்போதுதான் விஷயம் தெரிந்தது. பினாங்குப் பஸ்ஸில் ஓட்டுநர் வாயே திறக்க மாட்டார், நாம் காட்டுக்குள் போய் இறங்கினாலும் அவருக்குக் கவலையில்லை. இவரோ என் தோளைத் தொட்டு, "ஏனுங்க சார், தப்பான வண்டியில ஏறிப்போட்டீங்களே" என்றார். ஏதோ பரிசு விழுந்த செய்தியைச் சொல்வது போல இருந்தது. சூலூரில் என்னோடு இறங்கி, வேறு வண்டி நிற்கும் இடத்தைக் காட்டி, அந்த நடத்துநரிடம் என்னை ஒப்படைத்துவிட்டுப் போனார். அவருடைய பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் அதுவரை காத்திருந்தார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

இரண்டாவது வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எந்த ஊர் என்றார். மலேசியா என்றேன். அதற்கு முன்னால் எந்த ஊர் என்றார். தாத்தா தஞ்சாவூர்ப் பக்கம் என்று கேள்வி என்றேன். "அப்ப நம்ம பக்கமில்லீங்களா" என்று அவர் கேட்டதில் இருந்த அனுதாபத்தைப் பார்த்து, தாத்தா கொஞ்சம் மேற்கே பிறந்திருக்கலாம் என்று எனக்கே தோன்றிவிட்டது.

கருமத்தம்பட்டியில் கோகிலாவின் பட்டறையைக் கண்டுபிடிக்கக் காதை நம்ப முடியாது. தெரு முழுக்க விசைத்தறி. தடதடவென்று தரை அதிர்கிறது. அவர்கள் குடும்பத்துக்கும் தறிக்கூடம்தான் தொழில். கூடத்தின் ஒரு மூலையில் தறிகளை அகற்றிவிட்டு அங்கே பட்டை ஓடும் சாணை இயந்திரமும் உலையும் வைத்திருந்தாள். முப்பது வயதிருக்கும். இயந்திரக் கருவிகளும் வார்ப்பு அச்சுகளும் செய்கிற தொழில் படித்தவள். நைட்டிக்கு மேல் தோல் ஏப்ரன் கட்டிக்கொண்டு, முகமூடியைக் கழுத்துக்கு இறக்கி, "வாங்க சார், சாப்பிட்டீங்களா" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். அதை அவள் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை. அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கிய சாதம் வந்தது. மேலே நெய். எங்கள் வீட்டில் காய்ச்சல்காரனுக்கு இதைத்தான் கொடுப்போம், இவ்வளவு ருசியாக இருந்தால் யாருக்கும் காய்ச்சல் விடாது என்று சொன்னேன். அவள் மாமியாருக்கு அது பிடித்துப்போய் இன்னொரு கரண்டி வைத்தார்.

சாப்பிட்டு முடித்த பிறகுதான் கத்தியைக் கேட்டேன். கோகிலா கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"கத்தி இப்ப இங்க இல்லீங்க. சூலூர்ல ஒருத்தர்கிட்ட இருக்குது."

விற்றுவிட்டாளா என்று கேட்டேன். இல்லை என்றாள். சூலூரில் கறிக்கடை வைத்திருக்கும் ஆரோக்கியசாமி என்பவர் தன் கத்திகளைச் சாணை பிடிக்க இவளிடம்தான் கொண்டுவருவாராம். அன்று மேசை மேல் என் கத்தி இருந்திருக்கிறது. எடுத்துப் பிடித்துப் பார்த்தவர் கீழே வைக்கவே இல்லையாம். பல வருடங்களுக்கு முன் வெட்டுப்பட்டு நரம்பு போய், அவருக்கு வலது கட்டைவிரல் மடங்காது. எந்தக் கத்தியைப் பிடித்தாலும் சாயங்காலம் கை வீங்கிவிடும். இந்தப் பிடி அவர் கைக்கு அப்படியே உட்கார்ந்துவிட்டது.

"அலமாரிக்குள்ள போற கத்திதானுங்களே சார்" என்றாள் கோகிலா. "நீங்க வர்ற வரைக்கும் ஒரு கைக்கு உபயோகமா இருக்கட்டுமேன்னு குடுத்துப்போட்டேனுங்க."

எனக்குக் கோபம் வந்தது. என் கத்தியை என்னைக் கேட்காமல் ஒரு கறிக்கடையில் கொடுப்பதா என்று ஆரம்பித்தேன். "சொல்லுங்க சார்" என்றாள். பாலக்காட்டுக்காரர் சொன்னது சரி. அதற்கு மேல் நகரவில்லை.

அதே அச்சை வைத்து இன்னொன்று செய்ய முடியாதா என்று கேட்டேன். பிடி போடாத தகடு இன்னொன்று இருக்கிறதாம். உலையில் ஒன்று விரிசல் விட்டால் இருக்கட்டும் என்று எப்போதும் இரண்டாகத்தான் செய்வாளாம். ஆனால் களிமண் அச்சு உடைந்துவிட்டது. மேசையிலிருந்து விழுந்து தூளாகிவிட்டது. இப்போது அந்தக் கையின் வடிவம் உலகத்தில் இருப்பது சூலூர்க் கறிக்கடையில் மட்டும்தான். அதைப் பார்த்துச் செதுக்கலாம், ஆனால் வரிசையில் காத்திருப்பவர்களைத் தள்ளிவைத்துவிட்டு அலமாரிக்கு ஒரு கத்தி செய்ய முடியாதாம்.

இந்திராணியை இன்னொரு முறை அழுத்தச் சொல்லலாமே என்று உங்களுக்குத் தோன்றும். முதல் முறை அவள் களிமண்ணை அழுத்தியபோது நான் பக்கத்தில் இருந்தேன். விரல் மடங்காததைப் பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போய் அன்று முழுக்கப் பேசவில்லை. அதை மறுபடி கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

கோகிலா ஆரோக்கியசாமியைக் கைபேசியில் அழைத்தாள். நாளைக்குக் காலையில் கடைக்கு வரச் சொல்லுங்க என்றாராம். குரல் உற்சாகமாக இல்லை என்று அவளே சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை சரியான பஸ்ஸில் ஏறினேன். ஆனால் தப்பான நாளில் போய் இறங்கினேன். புரட்டாசி பிறப்பதற்கு முந்தைய ஞாயிறு அது. புரட்டாசி முழுக்கக் கறி தொடாத ஊர், அந்த ஒரு மாதத்துக்கும் சேர்த்து அன்றே சாப்பிட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தது. ஆரோக்கியசாமியின் கடை வாசலில் இருந்து வரிசை பக்கத்து மருந்துக்கடையையும் தாண்டி நின்றது. எல்லோர் கையிலும் போசி என்று இங்கே சொல்கிற எவர்சில்வர் பாத்திரம். பினாங்கில் நாங்கள் சாப்பிடுவது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்து உறைந்துபோய் வருகிற ஆடு. அது எந்த மாதம் செத்தது என்று யாருக்கும் தெரியாது. இங்கே காலையில் அறுத்த ஆட்டுக்கு ஆட்கள் மாதா கோயில் திருப்பலிக்கு நிற்பதைவிட ஒழுங்காக நின்றார்கள்.

கடைக்குள் மாதா படம், அதன் கீழே சின்னச் சிவப்பு விளக்கு, நடுவே புளியமரக் கட்டை. ஆரோக்கியசாமி உயரமான ஆள், அடர்ந்த மீசை, விடியற்காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்த திருநீறில்லாத சுத்தமான நெற்றி. அவர் கையில் என் கத்தி. ஒரு சாண் நீளம். தொடைக்கறியின் மேல் படிந்திருந்த சவ்வை அது தாளைப் பிரிப்பது போலப் பிரித்துக்கொண்டு போனது. கண்ணாடி போல மெருகேற்றிய தகடு என்று கோகிலா எனக்குப் படம் அனுப்பியிருந்தாள். அதில் இப்போது கீறல்களும் கொழுப்பும்தான் தெரிந்தன. எங்கள் கூட்டத்தில் யாராவது பார்த்தால் மயங்கி விழுந்திருப்பார்கள். 

நான்தான் மலேசியா என்று அறிமுகம் செய்துகொண்டேன். அவர் கத்தியை நிறுத்தாமல் வணக்கம் சொன்னார். கடையின் கல்லாவில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஸ்டெல்லா, சார் உட்காருங்க என்று ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, ஈரல் வறுவல் ஒரு தட்டில் வைத்தார். நான் சண்டைக்கு வந்தவன் என்பது தெரிந்தே வைத்தார். சாப்பிட்டேன். மிளகும் தேங்காய்ப் பல்லுமாக இருந்தது. வாயில் ஈரலை வைத்துக்கொண்டு உரிமையைப் பற்றிப் பேசுவது சிரமம்.

ஆரோக்கியசாமி ஒளிவு மறைவில்லாமல் பேசினார். கத்தி உங்களுடையதுதான், கொடுத்துவிடுகிறேன், ஆனால் இன்றைக்கு முடியாது என்றார். நாளைக்கு என்றேன். நாளைக்கும் மனசு வராது என்றார். நேற்று ராத்திரி தைலம் போடாமல் படுத்தது கல்யாணமான பிறகு இதுதான் முதல் தடவை என்று கல்லாவிலிருந்து ஸ்டெல்லா சொன்னார்.

"சார், நீங்க இத கொண்டுபோயி கண்ணாடிக்குள்ள வெப்பீங்க" என்றார் ஆரோக்கியசாமி. "அதுக்கு வேற அழகான கத்தியா கோகிலா செஞ்சு தருமுங்க. இது எங்கைக்கு அடங்கியிருக்குது. இத எனக்கே உட்டுருங்க."

அவர் சொன்னது முழுக்க நியாயம். நான் கத்தி வாங்கிய இத்தனை வருடங்களில் அது ஒன்றுதான் உபயோகத்துக்காக வாங்கிய கத்தி என்று சொன்னால் அந்தத் தெருவில் யாரும் நம்பப்போவதில்லை. சொல்லவும் கூடாது என்று வாக்கு. சேகரிப்பில் அந்த இடம் காலியாக இருக்கிறது, வெளிநாட்டிலிருந்து இதற்காகவே வந்திருக்கிறேன் என்று எனக்கே வெட்கமாக இருக்கிற காரணங்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வரிசையில் முன்னால் நின்றவர் என் பேச்சைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏனுங்க, நீங்க பேசி முடிக்கறதுக்குள்ள புரட்டாசி பொறந்துருமாட்ட இருக்குதே" என்றார். பின்னால் சிலர் சிரித்தார்கள். நான் எழுந்து குரலை உயர்த்தினேன்.

அந்த நேரத்தில் இந்திராணி வீடியோவில் அழைத்தாள். கத்தி கிடைத்ததா என்று கேட்டாள். இதோ இருக்கிறது என்று கைபேசியைத் திருப்பினேன். என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் திருப்பிவிட்டேன். திரையில் அவளுக்குத் தெரிந்தது கறிக்கட்டையும், மடங்காத கட்டைவிரலை நீட்டி வைத்து அந்தக் கத்தியைப் பிடித்திருந்த ஆரோக்கியசாமியின் கையும்தான்.

அவள் திரைக்கு இன்னும் அருகே வந்தாள். பிறகு, அவர் கைக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். ஆரோக்கியசாமியே குனிந்து திரையைப் பார்த்து, கொத்துக்கத்தி பட்டதுங்க அக்கா என்றார். எவ்வளவு காலமாக என்றாள். சொன்னார். காலையில் எழுந்ததும் மரத்துப்போயிருக்குமா, வெந்நீரில் வைத்தால் சரியாகிறதா, பித்தான் எப்படிப் போடுகிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொன்னார். உங்களுக்கு எப்படி இதெல்லாம் தெரியும் என்று கடைசியில் கேட்டார்.

இந்திராணி தன் வலது கையை முந்தானையிலிருந்து எடுத்துத் திரைக்கு முன்னால் பிடித்தாள்.

"இது என் கைக்குச் செஞ்ச கத்திங்க" என்றாள்.

கூடப்பிறந்தவளுக்கே காட்டாத கையை, பெயர்கூடத் தெரியாத ஒரு கறிக்கடைக்காரருக்கும் அவருக்குப் பின்னால் போசியோடு நின்ற சூலூர் மக்களுக்கும் அவள் காட்டினாள். நான் கைபேசியைப் பிடித்திருந்தேன். சரியாகப் பிடியுங்கள், அவர் முகம் தெரியவில்லை என்று அவள் கோபித்துக்கொண்டாள்.

ஆரோக்கியசாமி கத்தியைக் குழாயடியில் கழுவினார். துண்டில் துடைத்து, நாற்காலி மேல் எனக்குப் பக்கத்தில் வைத்தார். "கொண்டுபோங்க சார். அக்காவோடதுன்னு தெரிஞ்சிருந்தா தொட்டே இருக்கமாட்டேன்" என்றார். ஜெயித்துவிட்டேன். இவ்வளவு மோசமாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

ஆனால் இந்திராணி இன்னும் இணைப்பைத் துண்டிக்கவில்லை. பிடி எப்படி இருக்கிறது, உண்மையைச் சொல்லுங்கள் என்று அவரைக் கேட்டாள். அவர் தயங்கினார். கொஞ்சநேரம் வேலை செய்தால் சுண்டுவிரல் அடியில் மட்டும் உறுத்துகிறது, அங்கே கொஞ்சம் குறைக்க வேண்டும், முனைப்பக்கம் கொஞ்சம் கனம் கூட வேண்டும் என்றார். வேறு? வேறொன்றும் இல்லை, தங்கமான பிடி என்றார்.

"அப்ப அது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள். "என்னங்க, கேக்குதா? சுண்டுவிரல் எடத்தைச் சரி பண்ணி எனக்கு ஒண்ணு செய்யச் சொல்லுங்க. ஆகற வரைக்கும் அங்கயே இருங்க. இங்க உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை."

வரிசையில் இருந்தவர் தன் போசியை நீட்டினார். கத்தி கட்டைக்குத் திரும்பியது.

இப்படித்தான் திங்கட்கிழமை நான் மறுபடி கருமத்தம்பட்டியில் நின்றேன். கோகிலாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் முகமூடியைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, மொதல்லயே சொல்லியிருந்தா அந்த அச்சைப் பஞ்சில சுத்தி வெச்சிருப்பேனுங்களே என்றாள். வரிசையில் இருப்பவர்களை எல்லாம் ஒரு வாரம் தள்ளிவைத்தாள். கோபம் வந்த ஒருவர் ஆஸ்திரேலியாவிலிருந்து எழுதினார். சொல்லுங்க சார் என்று அவருக்கும் பதில் போயிருக்கும்.

அச்சு இல்லாததால் ஆரோக்கியசாமியின் கத்தியைப் பக்கத்தில் வைத்துத்தான் இரண்டாவதைச் செதுக்க வேண்டும். புரட்டாசி பிறந்ததும் கடையில் ஈ ஓட்டுகிற வேலைதான் என்று அவர் ஸ்கூட்டரில் கத்தியைக் கொண்டுவந்தார். கொடுத்துவிட்டுப் போவார் என்று நினைத்தேன். கதவோரம் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கத்தியைத் தனியாக விட்டுப்போக மனசு வரவில்லையாம். மறுநாளும் வந்தார். கோகிலா அளவுகோலை வைக்கும்போதெல்லாம், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பவரைப் போலக் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

புளியமரத்தின் வைரம் பாய்ந்த நடுக்கட்டையில் பிடி செதுக்கினாள். முரட்டு வேலை முடிந்ததும் என் கையில் உப்புத்தாளைக் கொடுத்து, சும்மாதானுங்க உக்காந்திருக்கீங்க, இத இழைச்சுக் குடுங்க என்றாள். கைவினைக் கத்திகளின் மேன்மை பற்றி எங்கள் சங்கத்தில் நான் பல முறை உரை ஆற்றியிருக்கிறேன். கைவினையில் கை என்பது யாருடையது என்று யோசித்ததில்லை. மத்தியானத்துக்குள் உள்ளங்கையில் கொப்புளம் வந்துவிட்டது.

இந்திராணி வீடியோவில் மேற்பார்வை பார்த்தாள். தறிச் சத்தத்தில் இங்கிருந்து போவது அங்கே கேட்காது, அங்கிருந்து வருவது இங்கே கேட்காது. அதனால் எல்லோரும் கத்தினோம். அவளும் கத்தினாள். அப்போது மின்சாரம் போனது. தெருவில் இருந்த அத்தனை தறிகளும் ஒரே சமயத்தில் நின்றன. அந்த அமைதியில் என் மனைவியின் குரல் மட்டும் கருமத்தம்பட்டி முழுக்கக் கேட்டது.

"அவருக்கு உப்புத்தாளைப் புடிக்கக்கூடத் தெரியாதும்மா. பக்கத்துலயே இருந்து பாத்துக்க."

எதிர்த் தறிக்கூடத்தில் இருந்து இரண்டு பேர் வெளியே வந்து என்னைப் பார்த்துவிட்டு, மரியாதையாக உள்ளே போனார்கள். ஆரோக்கியசாமி மீசையைத் துடைப்பது போல வாயை மூடிக்கொண்டார்.

சுண்டுவிரல் இடத்தில்தான் நேரம் பிடித்தது. கோகிலா கொஞ்சம் எடுப்பாள், ஆரோக்கியசாமி பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார், இன்னும் கொஞ்சம் எடுப்பாள். இந்திராணியின் கை இங்கே இல்லாததால் அவர் கைதான் அவள் கைக்குப் பதில். கடைசியில் அவர் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துப் பார்த்தார். விரல்களை ஒருமுறை தளர்த்தி மறுபடி இறுக்கினார். பிறகு என்னிடம் கத்தியை நீட்டி, இது அதைவிட நன்றாக இருக்கிறது என்றார். அதில் ஆதங்கமும் இருந்தது. கோகிலா சிரித்துவிட்டு, அவருடைய கத்தியையும் வாங்கிச் சுண்டுவிரல் இடத்தில் அதே அளவு இழைத்துக்கொடுத்தாள்.

புறப்படுகிற அன்று ஸ்டெல்லா ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தார். கறிமசாலாப் பொடி, அக்காவுக்கு என்று சொல்லச் சொன்னாராம். எனக்கு என்று எதுவும் இல்லை. ஆரோக்கியசாமி விமான நிலையம் வரை வந்தார். கத்தியைப் பெட்டிக்குள் துணி சுற்றி வைத்தாயிற்றா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான் ஊருக்குப் போகிறேனே என்று அவருக்கு வருத்தமா, கத்தி போகிறதே என்று வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

வீட்டில் இந்திராணி சமையலறை மேசையில் பலகை, ஒரு கூடை வெண்டைக்காய், ஈரத்துணி எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டியைத் திறக்கும் முன்பே கையை நீட்டினாள். கத்தியைக் கொடுத்தேன். விரல்களை ஒவ்வொன்றாகப் பிடியின் மேல் வைத்தாள். கட்டைவிரல் அதற்கென்று வெட்டியிருந்த இடத்தில் நீட்டிப் படுத்துக்கொண்டது. எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நகர்ந்து நில்லுங்கள், வெளிச்சத்தை மறைக்கிறீர்கள் என்றாள்.

முதல் காயை நறுக்க நேரமானது. இரண்டாவது கொஞ்சம் வேகமாக வந்தது. கத்தி நழுவவில்லை. ஆனால் ஒரு துண்டு பெரிதாகவும் ஒரு துண்டு சிறிதாகவும் விழுந்தது. சாப்பாட்டுக் கடை நடத்திய நாளில் அவள் நறுக்கிய வெண்டைக்காயை அளந்து பார்த்தால்கூட வித்தியாசம் இருக்காது. பலகையில் கிடந்ததை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். 

"கொழம்புல வெந்தா யாருக்குத் தெரியப்போவுது" என்று சொல்லிவிட்டு அடுத்த காயை எடுத்தாள்.